பழைய தெருக்களில் மரபு நடை நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மரபு நடை என்பது ஒரு குழுவைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், அங்கே இருப்பதைக் காட்டி வரலாறு சொல்வது. ஒரு நகரத்தின் பழைய பகுதியைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தால் மட்டும் அதை நன்றாக நடத்திவிட முடியாது. பல சமயம் அளவுக்கு மீறித் தெரிந்திருப்பதே தொல்லை. ஒரு கட்டடத்தின் முன்னால் 15 பேரை வெயிலில் நிறுத்திவைத்து, கண்ணில் படாத மன்னர்களையும் இடிந்துபோன மாளிகைகளையும் பற்றி 20 நிமிடம் பேசினால் அது சொற்பொழிவு. அதற்கு நாற்காலி போட்ட ஓர் அரங்கே போதும். ஆட்களைத் தெருவுக்கு அழைத்து வருகிறோம் என்றால், அங்கே போனால் மட்டும் பார்க்கக் கிடைக்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதனால் முதல் விதி இது: விரல் நீட்டிக் காட்ட முடியாததை நடையில் சேர்க்காதீர்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

பரப்பைக் குறைத்து, ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் ஊர் முழுவதையும் காட்டிவிட ஆசைப்படுவார்கள். நான்கைந்து தெருக்கள் போதும். அவற்றுக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்க வேண்டும். 'பழைய நகரின் வரலாறு' என்பது கேள்வி அல்ல, வெறும் தலைப்பு. 'இந்தத் தெரு மட்டும் ஏன் வளைகிறது?', 'இங்கே குடியிருந்த கைவினைக்காரர்கள் எங்கே போனார்கள்?', 'துறைமுகம் விலகிப் போனதும் இந்தப் பகுதி எப்படிப் பிழைத்தது?' என்பவை கேள்விகள். ஒவ்வொரு நிறுத்தமும் அந்தக் கேள்விக்கு ஒரு துண்டு பதிலைத் தர வேண்டும். எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும், பதில் தராவிட்டால் போகிற வழியில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிகளுக்காக ஃப்ரீமன் டில்டன் 1957-இல் சில கொள்கைகளை வகுத்துத் தந்தார். தகவலை அப்படியே கொட்டுவது விளக்கம் ஆகாது, கேட்பவரைத் தூண்டிவிடுவதுதான் நோக்கம் என்பது அவற்றின் சாரம். இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முதலில் தனியாக நடங்கள், வெவ்வேறு நேரங்களில்

நூலகத்துக்குப் போகும் முன் தெருவுக்குப் போங்கள். ஏற்கெனவே படித்துவிட்டுப் போனால் படித்தது மட்டும்தான் கண்ணில் படும். கையில் ஒரு குறிப்பேடு, கைபேசியில் கேமரா. வியப்பூட்டுவது எதுவானாலும் குறித்துக்கொள்ளுங்கள்: அடைக்கப்பட்ட ஜன்னல், பக்கத்து வீட்டோடு ஒட்டாமல் நிற்கும் சுவர், நடைபாதைக்குக் கீழே இறங்கிப்போன வாசற்படி, எதற்கென்றே புரியாத ஓர் இரும்புக் கொக்கி.

அப்புறம், நடையை எந்தக் கிழமை, எந்த நேரத்தில் நடத்தப் போகிறீர்களோ அதே நேரத்தில் மறுபடி போங்கள். காலையில் அமைதியாக இருந்த சந்து மாலையில் வண்டிகளால் அடைபட்டிருக்கலாம். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் கடை எப்போது திறக்கிறது, எந்த மூலையில் ஜெனரேட்டர் சத்தம் போடுகிறது என்பதெல்லாம் நூலகத்தில் கிடைக்காது.

சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் மிகச் சுவையான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய தெரு தன் வரலாற்றைத் தன் உருவத்திலேயே வைத்திருக்கும். ரோம் நகரின் பியாஸ்ஸா நவோனா சதுக்கம் நீண்டு போய் ஒரு முனையில் மட்டும் வளைந்திருக்கும். முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமீஷியன் கட்டிய பந்தய அரங்கின் வடிவம் அது. பார்வையாளர் வரிசைகள் இருந்த இடத்தின் மேல் பின்னால் வீடுகள் எழுந்தன. பந்தயம் நடந்த இடம் திறந்தவெளியாகவே நின்றுவிட்டது. அரங்கம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அதன் கோடு அழியவில்லை. வியன்னாவின் உள்நகரைச் சுற்றிப் போகும் அகலமான ரிங்ஸ்ட்ராஸே சாலையும் அப்படித்தான். 1857-இல் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசப் கோட்டைச் சுவரை இடிக்கச் சொன்னார். சுவரும் அதன் முன்னிருந்த வெட்டவெளியும் இருந்த இடத்தில்தான் இன்று அந்தச் சாலை ஓடுகிறது. உங்கள் பகுதியில் காரணமே இல்லாமல் வளைகிற தெரு இருந்தால், மதில், அகழி, ஓடை, பழைய கரை என்று ஏதாவது அங்கே இருந்ததா என்று தேடிப் பாருங்கள்.

சின்ன விஷயங்கள் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வீடுகளில் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டு, நுனியில் கொக்கியோடு இருக்கும். உள்ளே படிக்கட்டு மிகக் குறுகல் என்பதால் சரக்கையும் மரச்சாமான்களையும் கயிறு கட்டி வெளிப்பக்கமாகவே ஏற்றினார்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வாசல் ஓரமாகத் தரையில் ஒரு சிறிய இரும்புத் தகடு பதித்திருக்கும். காலணியில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுவதற்கு. அந்தத் தகட்டைக் காட்டி 'இது எதற்கு?' என்று கேட்டாலே போதும், தெரு முழுக்கக் குதிரைச் சாணமும் சேறுமாக இருந்த காலத்தைக் குழுவே ஊகித்துவிடும். நீங்கள் சொல்லி முடிப்பதைவிட அவர்கள் ஊகிப்பது ஆழமாகப் பதியும்.

கட்டடத்தின் நெற்றியில் பொறித்த ஆண்டு, அடிக்கல், தெருப்பெயர்ப் பலகையின் பழைய எழுத்து, செங்கல்லின் நிறம் சட்டென்று மாறும் கோடு (மாடி பின்னால் எழுந்திருக்கலாம்), தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்ட கதவு (சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியிருக்கலாம்) ஆகியவற்றைப் பார்க்கப் பழகுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: பொறித்த ஆண்டு கட்டிய ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழுதுபார்த்த ஆண்டாகவும் இருக்கலாம், நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஆவணங்கள்

கண்ணில் பட்ட புதிர்களின் பட்டியலோடு இப்போது நூலகத்துக்குப் போகலாம். பழைய வரைபடங்கள்தான் முதல் வேலை. வெவ்வேறு காலத்து வரைபடங்கள் இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்தால் எந்தத் தெரு புதியது, எந்தக் குளம் காணாமல்போனது என்று உடனே தெரியும். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட வரைபடங்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் 1867-இல் தொடங்கிய சான்போர்ன் நிறுவனம் தீ விபத்து வாய்ப்பைக் கணிப்பதற்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக்கட்டடத்துக்கு மஞ்சள் என்று நிறம்கூடப் பிரித்தது. வீட்டுவாரியாக யார் குடியிருந்தார், என்ன தொழில் செய்தார் என்று அச்சிட்ட பழைய முகவரிப் புத்தகங்கள், நகராட்சிப் பதிவேடுகள், சொத்துப் பத்திரங்கள், செய்தித்தாள் விளம்பரங்கள் எல்லாமே பயன்படும். பழைய புகைப்படம் கிடைத்தால் அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் போய் நின்று பாருங்கள். அந்த இடமே நல்ல நிறுத்தமாக அமையக்கூடும்.

பெரியவர்களிடம் பேசுவதை விட்டுவிடாதீர்கள். எந்தக் கடை யாருடையது, எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருப்பார், எந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் முதலில் வந்தது என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் ஆண்டு விஷயத்தில் நினைவை மட்டும் நம்பாமல் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஆவணங்கள் பெரும்பாலும் பணமும் பதவியும் இருந்தவர்களைப் பற்றியே பேசும். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். கல் சுமந்தவர் பெயர் இருக்காது. வேலைக்காரர்களுக்கான தனி வாசல், பின்சந்து, கிடங்கு, தொழிலாளர் குடியிருப்பு போன்றவற்றைப் பாதையில் சேர்த்தால் அவர்களைப் பற்றிப் பேசவும் காட்டவும் இடம் கிடைக்கும்.

கட்டுக்கதைகளை என்ன செய்வது?

பழைய தெரு என்றாலே சுரங்கப்பாதை, பேய், ஒரே இரவில் கட்டிய கோபுரம் என்று கதைகள் இருக்கும். கேட்க நன்றாக இருப்பதால் வழிகாட்டிகளே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் பரப்புகிறார்கள். பிரிட்டனில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கைக்கு வரி இருந்தது; அதற்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இது உண்மை. ஆனால் அடைபட்ட ஜன்னல் ஒவ்வொன்றையும் காட்டி 'வரிக்குப் பயந்து அடைத்தது' என்று சொல்வது சரியல்ல. முகப்பு இருபுறமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே போலி ஜன்னலாகக் கட்டியவையும் நிறைய உண்டு. பொதுவான உண்மையை ஒரு குறிப்பிட்ட சுவரின் மேல் ஒட்டும் முன், அந்தச் சுவருக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கதையை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. 'ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்' என்று தொடங்கி, அந்தக் கதை ஏன் இங்கே முளைத்திருக்கும் என்று யோசிக்க வைத்தால் அதுவும் வரலாறுதான். கதையை நடந்த சம்பவமாகச் சொல்வதுதான் ஏமாற்று.

பாதையும் நேரக் கணக்கும்

சாதாரணமாக ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. நடப்பார். குழு அப்படி நடக்காது, 3 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மணி நேர நடைக்கு என் கணக்கு இது: 2 கி.மீ. நடக்க 40 நிமிடம், 9 நிறுத்தங்களில் தலா 6 நிமிடம் என்று 54, தொடக்க அறிமுகத்துக்கு 10. மீதி 16 நிமிடம் சாலையைக் கடக்கவும், கேள்விகளுக்கும், செருப்பு வார் அறுந்தவருக்காகக் காத்திருக்கவும். 14 நிறுத்தம் வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். 2 மணி நேரத்துக்கு மேல் யாருடைய காலும் காதும் ஒத்துழைக்காது. முதல் நடையை 90 நிமிடத்தில் முடிப்பது இன்னும் நல்லது.

நிறுத்தம் என்றால் கட்டடம் இருக்கும் இடம் அல்ல, குழு நிற்கும் இடம். முகப்பைக் காட்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியிருக்கும். அங்கே 15 பேர் அரைவட்டமாக நிற்க இடம் உண்டா, நிழல் உண்டா, யாருடைய வாசலையும் மறிக்காமல் நிற்க முடியுமா, உங்கள் குரல் கேட்குமா? நான்கில் இரண்டுக்கு 'இல்லை' என்றால் வேறு மூலையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 50 அடி தள்ளி நின்று சொல்லிவிட்டு, கட்டடத்தைப் பேசாமல் கடந்து போகலாம்.

தொடங்கும் இடம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியதாகவும், முடியும் இடம் பேருந்தோ ரயிலோ கிடைக்கிற இடத்துக்கு அருகிலும் இருக்கட்டும். நடுவில் ஒரு கழிப்பறை கட்டாயம். நிறுத்தங்களில் மிகச் சிறந்ததைக் கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். கடைசி நிறுத்தத்தில் பாதிப் பேர் மனசளவில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

படிகள், மேடு பள்ளம், குறுகிய நடைபாதை எங்கே என்று குறித்து, முன்பதிவு அறிவிப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். 'எல்லோரும் வரலாம்' என்று எழுதிவிட்டு, சக்கர நாற்காலியில் வந்தவரைப் படிக்கட்டின் கீழே நிறுத்திவைப்பதைவிட மோசமானது வேறில்லை.

அனுமதியும் அக்கம்பக்கமும்

சில நாடுகளில் உரிமம் இல்லாமல் வழிகாட்டியாக வேலை செய்ய முடியாது. சில இடங்களில் குறிப்பிட்ட நினைவுச்சின்னங்களுக்குள் மட்டும் கட்டுப்பாடு. உங்கள் ஊர் விதியை உள்ளாட்சி, சுற்றுலா, தொல்லியல் அலுவலகங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டம் தாங்காத நகரங்கள் நடைக் குழுக்களையே கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டன. ஆம்ஸ்டர்டாம் 2020-இல் நகர மையத்தில் குழுவுக்கு 15 பேர் என்று வரம்பு வைத்து, பாலியல் தொழிலாளர்களின் ஜன்னல்கள் முன்னால் சுற்றுலா நடத்துவதையும் தடைசெய்தது. வெனிஸ் 2024-இல் 25 பேர் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கியையும் தடைசெய்தது.

விதி இல்லாத ஊரிலும் 15 பேருக்கு மேல் வேண்டாம் என்பேன். அதைத் தாண்டினால் பின்வரிசைக்குக் கேட்காது, சாலையைக் கடப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். வாரந்தோறும் யாரோ வந்து உங்கள் வீட்டைக் காட்டிக் காட்டிப் பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எப்போது வருவோம், எங்கே நிற்போம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் கேளுங்கள். சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, ஆட்களைக் கேட்காமல் படம் எடுப்பது கூடாது என்று குழுவுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வழிபாட்டு இடமாக இருந்தால் வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

எப்படிப் பேசுவது

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். நிறுத்தத்துக்கு ஒரு சிறிய அட்டை, அதில் நான்கைந்து சொற்கள். ஒவ்வொரு நிறுத்தத்தின் முதல் வாக்கியமும் அடுத்த நிறுத்தத்துக்கு இழுத்துச் செல்லும் கடைசி வாக்கியமும் மட்டும் மனதில் இருக்கட்டும்.

வரிசை முக்கியம். முதலில் காட்டுங்கள், பிறகு கேளுங்கள், அதன் பிறகே சொல்லுங்கள். ஜெர்மானியக் கலைஞர் குந்தர் டெம்னிக் 1992-இல் கொலோன் நகரில் முதலாவதைப் பதித்துத் தொடங்கிய ஸ்டோல்பர்ஸ்டைன் நினைவுக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாஜி ஆட்சிக்குப் பலியானவர்கள் தாமாகத் தேர்ந்து கடைசியாகக் குடியிருந்த வீட்டின் முன், நடைபாதையில், ஏறத்தாழ 10 செ.மீ. அளவில் பித்தளைத் தகடு பொருத்திய ஒரு கல். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த கதி. ஐரோப்பாவில் இன்று இப்படி 1,00,000-க்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன. அங்கே நிற்கும் வழிகாட்டி இந்த எண்ணிக்கையோடு தொடங்கினால் வீண். குனிந்து பெயரைப் படிக்கச் சொல்லி, பிறந்த ஆண்டிலிருந்து வயதைக் கணக்கிடச் சொல்லிவிட்டு, எண்ணிக்கையைக் கடைசியில் சொன்னால்தான் அதன் கனம் தெரியும்.

நிறுத்தத்துக்கு ஓர் ஆண்டு, ஒரு பெயர் போதும். கட்டடத்தைப் பார்த்துப் பேசாதீர்கள், குழுவைப் பார்த்துப் பேசுங்கள். கடைசி ஆள் வந்து சேரும் வரை வாயைத் திறக்காதீர்கள். முன்னால் வந்த நால்வருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம். வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், அவர்களுக்கு முதுகில் விழட்டும் அல்லது அவர்கள் நிழலில் நிற்கட்டும். படி இருந்தால் அதில் ஏறி நில்லுங்கள். சத்தமான தெருவில் கத்துவதற்குப் பதில் நெருங்கி வரச் சொல்லுங்கள். அடிக்கடி நடத்துவதாக இருந்தால், காதில் மாட்டும் சிறிய ரேடியோ கருவிகள் வாங்குவது குரலுக்கும் தெருக்காரர்களுக்கும் நல்லது.

ஒத்திகை

நண்பர்கள் ஐந்தாறு பேரை வைத்து முழு நடையையும் ஒரு முறை கடிகாரத்தோடு நடத்திப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது இந்தத் துறையில் எந்த ஆர்வமும் இல்லாதவராக இருப்பது நல்லது. 'எப்படி இருந்தது?' என்று அன்றைக்கே கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். மறுநாள் கூப்பிட்டு 'என்ன ஞாபகம் இருக்கிறது?' என்று கேளுங்கள். யாருக்குமே ஞாபகம் இல்லாத நிறுத்தத்தை வெட்டிவிடுங்கள், உங்களுக்கு அது எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும்.

நடை நாளன்று

முந்தின நாளோ அன்று காலையோ பாதையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாலை தோண்டியிருக்கலாம், கட்டடத்தைச் சாரம் கட்டி மூடியிருக்கலாம். 20 நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். பையில் தண்ணீர், முதலுதவிப் பொருட்கள், சார்ஜ் உள்ள கைபேசி, பெயர்ப் பட்டியல், லேமினேட் செய்த பழைய படங்கள். படங்களைக் கைபேசித் திரையில் காட்டாதீர்கள், வெயிலில் ஒன்றும் தெரியாது.

தாமதமாக வருபவர்களுக்கு 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அறிமுகத்தில் எவ்வளவு தூரம், எப்போது முடியும், கழிப்பறை எங்கே, சாலையை எப்படிக் கடப்போம் என்பதைச் சொல்லிவிட்டு நேராகக் கேள்விக்கு வந்துவிடுங்கள். தலைகளை எண்ணுங்கள், ஒவ்வொரு பெரிய சாலையைக் கடந்ததும் மறுபடி எண்ணுங்கள். குழுவின் வாலில் ஓர் உதவியாளர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நேரம் போதாவிட்டால் எந்த இரண்டு நிறுத்தங்களை விடுவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். மழைக்கு ஒதுங்க ஓர் இடமும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் தெரிந்த ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரோடு மல்லுக்கு நிற்காமல், 'அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கும்போது சொல்லுங்களேன்' என்று திருப்பிவிடலாம். சில சமயம் அவர் சொல்வது உண்மையிலேயே புதிய செய்தியாக இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத கேள்விக்குத் 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்பதே பதில். பார்த்துச் சொல்லவும் வேண்டும். கலவரம், வெளியேற்றம், அடிமைமுறை போன்றவை நடந்த இடங்களில் குரலை நாடகமாக்காமல், நடந்ததை நேரடியாகச் சொல்லுங்கள். இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் குழுவிலேயே இருக்கலாம்.

கட்டணம்

மூன்று வழிகள் உண்டு: இலவசம், முன்பதிவுக் கட்டணம், முடிவில் விரும்பியதைக் கொடுப்பது. நகரத் தெருக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக 2007-இல் டொராண்டோவில் தொடங்கிய ஜேன்ஸ் வாக் நடைகள் முழுக்க இலவசம். ஆண்டுதோறும் மே மாதத்தின் முதல் வார இறுதியில் பல நாட்டு நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்களே நடத்துகிறார்கள். பழகிக்கொள்ள அது நல்ல வழி. தொழிலாகச் செய்வதானால் முன்பதிவுக் கட்டணமே மேல். இலவசமாகப் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வரவே மாட்டார்கள். விரும்பியதைக் கொடுக்கும் முறையிலோ, கூட்டத்தைச் சேர்க்கவும் சிரிக்க வைக்கவும் ஆசை வரும். கட்டுக்கதை அங்கேதான் உள்ளே நுழையும்.

முடிந்த பிறகு

சொன்ன நேரத்தில் முடியுங்கள். அன்று இரவே, எந்த நிறுத்தத்தில் கவனம் சிதறியது, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது, எங்கே நேரம் மீறியது என்று எழுதிவையுங்கள். ஒரே கேள்வி மூன்று குழுக்களில் வந்தால், அதற்கான பதில் உரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு ஒரு முறை முழுப் பாதையையும் குழு இல்லாமல் நடந்து படமெடுத்துத் தேதியோடு சேமியுங்கள். லண்டனில் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் பலகை பதிக்கும் வழக்கம், 1867-இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில்தான் தொடங்கியது. அந்த வீட்டை 1889-இல் இடித்துவிட்டார்கள். உங்கள் பாதையிலும் ஏதாவது ஒன்று போகும். போனால், அந்த நிறுத்தத்தை உடனே நீக்க வேண்டியதில்லை. நீங்கள் எடுத்துவைத்த படத்தை லேமினேட் செய்து பைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.